ஆகஸ்ட் பெபல்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் என் பதில்களும்

நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு முறை கூடி ஐரோப்பிய வரலாறு படிக்கிறோம். ஜெர்மனி பக்கம் வந்தால் அப்போதைய ஆட்சித் தலைவர் பிஸ்மார்க்கை எல்லாருக்கும் கொஞ்சம் தெரிகிறது, மார்க்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெபல் பெயரை எடுத்தால் மட்டும் ஓர் அமைதி, அப்புறம் அதே கேள்விகள். ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும், அதை மறைக்கப் போவதில்லை. அவர் சறுக்கிய இடங்களையும் மறைக்கவில்லை.

பெபல் யாருங்க? நாலு வரியில சொல்லுங்க, போதும்.

ஆகஸ்ட் பெபல், 1840 பிப்ரவரி 22 அன்று பிறந்து 1913 ஆகஸ்ட் 13 அன்று இறந்த ஜெர்மன் சோசலிசத் தலைவர். தொழிலால் கடைசல்காரர். 1867-ல் தன் 27-வது வயதில் நாடாளுமன்றம் போனார், நடுவில் சில இடைவெளிகள் தவிர சாகும்வரை அங்கேதான் இருந்தார். 1869-ல் ஐசனாக் நகரில் தொடங்கிய சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சியை உருவாக்கியவர்களில் முக்கியமானவர், 1892 முதல் கடைசிவரை அந்த இயக்கத்தின் இணைத் தலைவர்.

அளவு புரிய இரண்டு எண்கள் போதும். 1871-ல் ஜெர்மனி முழுக்கச் சோசலிஸ்டுகளுக்குக் கிடைத்தது சுமார் 1.24 லட்சம் ஓட்டு. 1912-ல் 42.5 லட்சம், அதாவது நூற்றுக்கு 34.8; 110 இடங்களோடு நாடாளுமன்றத்தின் மிகப் பெரிய கட்சி. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பதுதான் அவர் வாழ்க்கை.

நிஜமாவே ஏழையா, இல்ல கட்சிக்காரங்க பின்னாடி கட்டிவிட்ட கதையா?

நிஜம்தான். அப்பா பிரஷ்யப் படையில் கீழ்நிலை அதிகாரி. கொலோனுக்கு எதிர்க்கரையில் இருக்கும் டாய்ட்ஸ் கோட்டையில், தடித்த சுவர் வைத்த ஒரு படை அறையில்தான் குடும்பம் குடியிருந்தது, பிரசவமும் அங்கேயே. கண் திறந்ததும் தான் பார்த்த வெளிச்சம் ஒரு தகர எண்ணெய் விளக்கின் மங்கலான வெளிச்சம், அது அந்தச் சாம்பல் நிறச் சுவரை அரைகுறையாகக் காட்டிக்கொண்டிருந்தது என்று தன் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். 1844-ல் அப்பா போய்விட்டார். அம்மா அப்பாவின் இரட்டைச் சகோதரரையே மறுமணம் செய்துகொண்டார், அவரும் 1846-ல் இறந்துவிட்டார். பிள்ளைகளோடு அம்மா தன் சொந்த ஊரான வெட்ஸ்லாருக்குத் திரும்பி, கையுறை தைத்துக் கொடுத்துக் காலம் தள்ளினார். 1853-ல் அவரையும் காசநோய் கொண்டுபோனது. பெபலுக்கு அப்போது 13 வயது.

வெண்ணெய் தடவிய ரொட்டியை ஒரு நாளாவது வயிறு நிறையச் சாப்பிட வேண்டும், நெடுநாள் தன் லட்சியமே அதுதான் என்று எழுதியிருக்கிறார். சுரங்கவியல் படிக்க ஆசை. பணம் எங்கே இருக்கிறது? கடைசல் பட்டறையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

கடைசல் வேலைன்னா என்ன செஞ்சார்? பேருக்குத் தொழிலாளியா, இல்ல உழைச்சாரா?

கடைசல் எந்திரத்தில் மரத்தையோ கொம்பையோ சுழல விட்டு உளியால் உருவம் கொடுக்கிற வேலை. பயிற்சி முடிந்ததும் அந்தக் கால வழக்கப்படி ஊர் ஊராக நடந்தே போய் வேலை தேடினார். தெற்கு ஜெர்மனி, சால்ஸ்பர்க் என்று சுற்றிவிட்டு 1860-ல் லைப்சிக் வந்து சேர்ந்தார். 1864-ல் சொந்தப் பட்டறை. எருமைக் கொம்பில் கதவுப் பிடி, ஜன்னல் பிடி கடைந்து விற்றார். 1876-ல் இஸ்லைப் என்ற கூட்டாளி சேர்ந்த பிறகு பட்டறை நீராவி எந்திரம் வைத்த சிறு தொழிற்சாலையாக வளர்ந்தது, பெபல் மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஆர்டர் பிடிக்கப் போனார்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஜெர்மன் நாடாளுமன்ற உறுப்பினருக்கு 1906 வரை சம்பளமே கிடையாது. சொத்துக்காரர்கள் மட்டும் வரட்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருந்தார்கள். ஆக, காலையில் கொம்பு கடைந்த கைதான் பெர்லினுக்கு ரயில் ஏறி பிஸ்மார்க்குக்கு எதிரில் போய் உட்கார்ந்தது. கட்சி அவரைச் சாப்பாடு போட்டு வளர்க்கவில்லை, பல வருஷம் அவர் பட்டறைதான் அவர் அரசியலுக்குச் சாப்பாடு போட்டது.

சின்ன வயசுலேயே சோசலிஸ்ட் ஆயிட்டாரா?

இல்லவே இல்லை. அவரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்ததே இதுதான். 1848 புரட்சி நேரத்தில் வெட்ஸ்லார் பள்ளிப் பையன்கள் எல்லாரும் குடியரசுக் கட்சி, இவரும் இன்னொரு பையனும் மட்டும் ராஜா கட்சி, அதற்காக மற்றவர்களிடம் அடி வாங்கியிருக்கிறார். 1859-ல் இத்தாலியப் போர் வந்தபோது தானாகவே போய்ப் படையில் சேரப் பார்த்தார். உடம்பு போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். புராட்டஸ்டண்ட் பையன், ஆனால் ஊர் சுற்றிய காலத்தில் கத்தோலிக்கத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தார், ஏனென்றால் அங்கே படிக்கப் பத்திரிகையும் பேச ஆளும் இருந்தார்கள்.

லைப்சிக்கில் 1861-ல் தொழிலாளர் கல்விச் சங்கத்தில் சேர்ந்தார். அது தாராளவாதிகள் நடத்திய சங்கம்; மாலையில் கணக்கு, மொழி, வரலாறு சொல்லிக் கொடுப்பார்கள். 1863-ல் மேடை ஏறி, எல்லாருக்கும் ஓட்டுரிமை கேட்கிற அளவுக்குத் தொழிலாளர்கள் இன்னும் பக்குவப்படவில்லை என்று பேசினார். ஆமாம், பெபலேதான். பின்னாளில் உலகமே அவரை ஓட்டுரிமைப் போராளியாகப் பார்த்த காலத்தில் இதைத் தன் நினைவுக் குறிப்பில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. தொழிலாளர் கட்சி வேண்டும் என்று கிளம்பிய லாசாலை எதிர்த்து வாதாடுவதற்காகவே லாசாலைப் படித்தார், படித்ததில் பாதி உள்ளே இறங்கிவிட்டது. 1865-ல் பெர்லினிலிருந்து வெளியேற்றப்பட்ட வில்ஹெல்ம் லீப்னெஹ்ட் லைப்சிக் வந்தார்; லண்டனில் மார்க்ஸோடு பழகியவர், பெபலைவிட 14 வயது மூத்தவர். இருவரும் சேர்ந்தார்கள். 1868-ல் நூரம்பர்க் மாநாட்டில் தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பையே மார்க்ஸ் முன்னின்ற சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் கொள்கைக்குத் திருப்பியபோது அதன் தலைவர் நாற்காலியில் இருந்தவர் பெபல். ஐந்து வருஷத்தில் இவ்வளவு தூரம்.

லீப்னெஹ்ட்னா ரோசா லக்சம்பர்க்கோட கொல்லப்பட்டவர்தானே? அப்ப பெபலும் அதுல இருந்தாரா?

அது மகன். பெபலின் தோழர் அப்பா வில்ஹெல்ம் லீப்னெஹ்ட், 1900-ல் இறந்தார். ரோசாவோடு 1919 ஜனவரி 15 அன்று பெர்லினில் கொல்லப்பட்டவர் மகன் கார்ல், 1871-ல் பிறந்தவர். அந்த நேரம் பெபல் இறந்து ஐந்து வருஷம் தாண்டிவிட்டது.

ஜெயிலுக்கு எதுக்குப் போனார்? குண்டு கிண்டு வச்சாரா?

பேசியதற்குத்தான் போனார். 1870 ஜூலையில் பிரான்ஸோடு போர் தொடங்கியபோது போர்க் கடனுக்கான வாக்கெடுப்பில் பெபலும் லீப்னெஹ்ட்டும் எந்தப் பக்கமும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கினார்கள். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் பிடிபட்ட பிறகும் போர் நிற்கவில்லை, பிரான்ஸின் அல்சேஸும் லொரைனும் வேண்டும் என்று ஜெர்மனி கேட்டது. அப்போது எழுந்து, இது நாடு பிடிக்கிற போர் என்று சொல்லி நவம்பரில் எதிர்த்தே ஓட்டுப் போட்டார்கள். ஊரே வெற்றிக் கொண்டாட்டத்தில் இருந்த நேரம். டிசம்பர் 17 அன்று கைது.

வெளியே வந்ததும் அடங்கினாரா என்றால், 1871 மே 25 அன்று, பாரிஸ் தொழிலாளர்கள் எழுந்து அமைத்த பாரிஸ் கம்யூன் ஆட்சியை ராணுவம் ரத்தத்தில் மூழ்கடித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில், ரைக்ஸ்டாக் என்ற ஜெர்மன் நாடாளுமன்றத்தில் எழுந்து, பாரிஸில் நடப்பது ஒரு சின்ன முன்னணி மோதல்தான், ஐரோப்பாவின் பெரும் போராட்டம் இனிமேல்தான் வரப் போகிறது என்றார். சோசலிஸ்டுகளின் ஆபத்து தனக்குப் புரிந்தது அந்தப் பேச்சைக் கேட்டபோதுதான் என்று பிஸ்மார்க் 1878-ல் சொன்னார். 1872 மார்ச்சில் லைப்சிக்கில் தேசத்துரோக வழக்கு நடந்தது. ஆதாரம் என்று வைத்தது பெரும்பாலும் பத்திரிகைக் கட்டுரைகள், கடிதங்கள், மாநாட்டுத் தீர்மானங்கள். பெபலுக்கும் லீப்னெஹ்ட்டுக்கும் இரண்டு வருஷம் கோட்டைச் சிறை. பிறகு பேரரசரை அவமதித்ததாகப் பெபலுக்கு இன்னும் ஒன்பது மாதம், நாடாளுமன்றப் பதவியும் பறிப்பு. அவருடைய கிளவுகாவ்–மீரானே தொகுதியின் நெசவாளர்கள் 1873 ஜனவரி இடைத்தேர்தலில் சிறையில் இருந்தவரையே முன்னைவிடக் கூடுதல் ஓட்டில் திருப்பி அனுப்பினார்கள்.

ஹூபர்ட்டுஸ்பர்க், கோனிக்ஷ்டைன், ட்ஸ்விக்காவ் என்று மூன்று இடத்தில் அடைத்து வைத்தார்கள். அங்கேதான் அவர் கல்லூரி. லீப்னெஹ்ட் ஆங்கிலமும் பிரெஞ்சும் சொல்லிக் கொடுத்தார். மார்க்ஸ், மில், டார்வின், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் என்று வரிசையாகப் படித்தார். வாழ்நாள் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் சிறைக் காலம் நாலரை வருஷத்துக்கு மேல் வரும்.

கட்சியையே தடை பண்ணிட்டாங்கன்னு சொல்றீங்க, அப்புறம் எப்படித் தேர்தல்ல நின்னாங்க?

அதிகம் பேர் குழம்புவது இங்கேதான். 1878-ல் பேரரசர் முதலாம் வில்ஹெல்மைச் சுட இரண்டு முயற்சி நடந்தது, மே 11 அன்று ஹோடெல், ஜூன் 2 அன்று நோபிலிங். இரண்டையும் கட்சி ஏற்பாடு செய்யவில்லை, ஆனாலும் பிஸ்மார்க் அதைப் பிடித்துக்கொண்டு அக்டோபரில் சோசலிஸ்ட் தடைச் சட்டம் கொண்டுவந்தார். சங்கம், கூட்டம், பத்திரிகை எல்லாம் தடை. ஆனால் ஒரு தனி மனிதர் வேட்பாளராக நிற்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. நாடாளுமன்றத்தில் பேசுவதையும் தடுக்க முடியாது, அங்கே பேசியதை உள்ளபடி அச்சிட்டால் அதற்குத் தண்டனை கிடையாது என்று அரசியலமைப்பே சொல்லியிருந்தது. ஆகவே வெளியே ஒரு துண்டறிக்கைக்குச் சிறை, உள்ளே அதையே பேசினால் அச்சிட்டு ஊர் முழுக்கக் கொடுக்கலாம். இந்த ஓட்டையைப் பெபல் மாதிரி யாரும் பயன்படுத்தியதில்லை.

மற்ற எல்லாம் மறைமுகமாக ஓடியது. கட்சிப் பத்திரிகை சூரிச்சில் அச்சாகி எல்லை தாண்டிக் கள்ளத்தனமாக வந்தது. அந்த வலையை நடத்திய யூலியுஸ் மோட்டெலருக்குச் ‘சிவப்புத் தபால் தலைவர்’ என்று பட்டப்பெயர். மாநாடுகளும் வெளிநாட்டில்தான்: 1880-ல் சுவிட்சர்லாந்தின் வைடன் கோட்டை, 1883-ல் கோபன்ஹேகன், 1887-ல் செயின்ட் காலன். 1881-ல் லைப்சிக்கிலிருந்து பெபலை வெளியேற்றினார்கள், மனைவியையும் சிறு மகளையும் விட்டுவிட்டுப் பக்கத்துக் கிராமமான போர்ஸ்டோர்ஃபில் போய்த் தங்கினார். மூன்றாவது பதிலில் சொன்ன மாதிரிப் பெட்டி இங்கே கைகொடுத்தது. ஆர்டர் பிடிக்கப் போகிற வியாபாரி எந்த ஊரில் யாரைச் சந்தித்தாலும் ஒரு காரணம் இருக்குமே.

பலன்? ஓட்டு முதலில் 1878-ல் 4.37 லட்சம், 1881-ல் 3.12 லட்சம் என்று இறங்கியது. 1884-ல் 5.5, 1887-ல் 7.63, 1890-ல் 14.27 லட்சம். எந்தக் கட்சிக்கும் அவ்வளவு ஓட்டு விழவில்லை. அடுத்த மாதம் பிஸ்மார்க் பதவி இழந்தார், செப்டம்பர் 30-ல் சட்டமும் காலாவதி ஆனது.

தொழிலாளர் காப்பீடு கொண்டுவந்தது பிஸ்மார்க்தானே? அதுக்கு ஏன் பெபலைப் புகழணும்?

கொண்டுவந்தது பிஸ்மார்க்தான்: 1883-ல் நோய்க் காப்பீடு, 1884-ல் விபத்துக் காப்பீடு, 1889-ல் முதுமைக்கும் இயலாமைக்கும். ஆனால் சமூக ஜனநாயகம் இல்லாமல் இருந்திருந்தால், பலர் அதைக் கண்டு பயப்படாமல் இருந்திருந்தால், இந்தக் கொஞ்சச் சீர்திருத்தமும் வந்திருக்காது என்று 1884 நவம்பரில் ரைக்ஸ்டாக்கிலேயே ஒப்புக்கொண்டவரும் அவர்தான். இதற்கு மேல் நான் சேர்க்க வேண்டியது எதுவும் இல்லை.

பெண்களைப் பத்தி ஒரு புக் எழுதினாராமே, அதுல அப்படி என்ன இருக்கு?

‘பெண்ணும் சோசலிசமும்’, 1879. தடைச் சட்டம் வந்த நேரம் என்பதால் சில பிரதிகள் புள்ளிவிவர நூல் என்ற பொய் அட்டையோடு போயின. 1883 பதிப்பு பெயரையே மாற்றிக்கொண்டு வந்தது. 1909-க்குள் ஜெர்மன் மொழியில் மட்டும் ஐம்பது பதிப்பு. அவர் வாதம் இதுதான்: தொழிலாளி முதலாளியைச் சார்ந்திருக்கிறான், பெண்ணோ முதலாளியையும் சார்ந்து ஆணையும் சார்ந்திருக்கிறாள். கணவன் கையை எதிர்பார்க்காமல் அவள் பிழைக்க முடிகிறவரை சட்டத்தில் எழுதும் சமத்துவம் பாதிதான். கல்யாணம், விபசாரம், கூலி வித்தியாசம், படிப்பு என்று எதையும் விடவில்லை, புள்ளிவிவரத்தோடு எழுதினார். பிந்தைய பதிப்புகளில் 1893 சிகாகோ கண்காட்சியில் வைத்திருந்த மின்சாரச் சமையலறையை விவரித்து, அடுப்படியிலிருந்து பெண்ணுக்கு விடுதலை வரும் என்கிறார். கரியும் புகையுமாக இருந்த அடுப்படிகளின் காலம் அது.

அந்தப் புத்தகத்தின் வேகம் புரிய இன்னொன்றும் தெரிய வேண்டும். பிரஷ்யாவில் 1850 சட்டப்படி பெண்கள் அரசியல் சங்கத்தில் சேரவே கூடாது, அது 1908-ல்தான் நீங்கியது. கட்சிக்குள் வர முடியாத பெண்கள் கையில் கட்சித் தலைவரின் புத்தகம் போய்ச் சேர்ந்தது. கட்சியின் 1891 எர்ஃபுர்ட் திட்டம் ஆண் பெண் பேதமில்லாத ஓட்டுரிமை கேட்டது, 1895-ல் ரைக்ஸ்டாக்கில் அதற்காக வாதாடியவர் பெபல். தொழிலாளிக்கே ஓட்டு வேண்டாம் என்று 1863-ல் பேசிய அதே ஆள், ஞாபகம் இருக்கட்டும். பெண்கள் உண்மையில் ஓட்டுப் போட்டது 1919 ஜனவரியில்.

குறையும் உண்டு. ஆதியில் தாய்வழி ஆட்சி நடந்தது என்று பாகோஃபன், மார்கன் என்ற ஆய்வாளர்களை நம்பி எழுதிய பகுதிகள் இன்றைய ஆய்வில் நிற்காது. சோசலிசம் வந்தால் எல்லாம் தானாகச் சரியாகும் என்ற நம்பிக்கையும் அதிகம்.

ஊருக்கு உபதேசம் சரி, வீட்டுல மனைவி எப்படி இருந்தாங்க?

நியாயமான கேள்வி. ஜூலி ஓட்டோ, ரயில்வே கூலித் தொழிலாளியின் மகள், தொப்பிக் கடையில் வேலை பார்த்தவர். 1866-ல் கல்யாணம், 1869-ல் மகள் ஃப்ரீடா. பெபல் சிறையில் இருந்தபோதெல்லாம் பட்டறையை நடத்தியது ஜூலி. ஆள் வைத்து வேலை வாங்கினார், கணக்குப் பார்த்தார், கடன்காரருக்குப் பதில் சொன்னார், கட்சிக் கடிதங்களையும் பார்த்துக்கொண்டார். அவரைவிட அன்பான, எப்போதும் தியாகத்துக்குத் தயாரான மனைவி கிடைத்திருக்க முடியாது என்று பெபல் எழுதியிருக்கிறார். உண்மையான நன்றிதான். ஆனால் தியாகம் முழுக்க ஒரே பக்கம் இருந்ததையும் அந்த வரி காட்டுகிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. புத்தகத்தில் அவர் கேட்ட வாழ்க்கை அவர் வீட்டில் முழுசாக நடக்கவில்லை, அந்தப் புத்தகம் வந்ததற்கே ஜூலியின் உழைப்பு ஒரு காரணம். 1910 நவம்பரில் ஜூலி இறந்தார்.

ஆப்பிரிக்கக் காலனிகளைப் பத்தி வாய் திறந்தாரா, இல்ல வெள்ளைக்காரத் தொழிலாளிக்கு மட்டும்தானா?

நன்றாகவே திறந்தார். 1894-ல் கேமரூனில் ஜெர்மன் அதிகாரிகள் மக்களை அடித்த நீர்யானைத் தோல் சாட்டைகளைக் கொண்டுவந்து ரைக்ஸ்டாக் மேசையில் போட்டார். வார்த்தையில் கேட்டிருந்தால் மிகைப்படுத்துகிறார் என்று ஒதுக்கியிருப்பார்கள், கையால் தொட்டுப் பார்க்கிற பொருளை எப்படி ஒதுக்குவது? 1896 மார்ச்சில் கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரிய நாயகனாகக் கொண்டாடப்பட்ட கார்ல் பீட்டர்ஸ், கிளிமஞ்சாரோ பகுதியில் தன்னிடம் இருந்த ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணையும் ஒரு வேலைக்காரரையும் தூக்கில் போட்டதை அம்பலப்படுத்தினார்.

இங்கே ஒரு சறுக்கல். பீட்டர்ஸே ஒரு பிஷப்புக்கு எழுதிய கடிதம் என்று பெபல் ஆதாரமாகக் காட்டியது பொய்யாகிப்போனது, எதிரிகள் அதை வைத்தே அவரைப் பல வருஷம் அடித்தார்கள். ஆனால் தூக்குத் தண்டனைகள் நடந்தது உண்மை, விசாரணைக்குப் பிறகு 1897-ல் பீட்டர்ஸ் அரசுப் பணியிலிருந்து நீக்கப்பட்டார். 1904-ல் தென்மேற்கு ஆப்பிரிக்காவில் ஹெரேரோ மக்கள் எழுந்தபோது போர்ச் செலவுக்குக் கட்சி எதிர்த்து ஓட்டுப் போடாமல் ஒதுங்கி மட்டும் நின்றது. என் கணக்கில் அது போதாது. அங்கே நடந்த கொடுமை தெரியத் தெரியப் பெபல் கடுமையாகவே பேசினார். காலனிப் போரை மையமாக வைத்து நடந்த 1907 தேர்தலில் கட்சியின் இடங்கள் 81-லிருந்து 43-ஆக விழுந்தன.

இந்தியாவோட ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடியாகப் பெரிதாக இல்லை, ஆனால் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறார்கள். 1904 ஆம்ஸ்டர்டாம் சோசலிஸ்ட் மாநாட்டில் தாதாபாய் நௌரோஜி இந்தியாவின் வறுமையைப் பற்றிப் பேசினார். 1907 ஆகஸ்டில் ஸ்டுட்கார்ட் மாநாட்டில் பிகாஜி காமா அம்மையார் இந்தியக் கொடியை விரித்தார். இரண்டு மாநாட்டிலும் ஜெர்மன் குழுவின் முதன்மையான ஆள் பெபல். ஸ்டுட்கார்ட்டில் ‘சோசலிசக் காலனிக் கொள்கை’ என்று ஒன்று சாத்தியமா என்ற விவாதத்தில் ஜெர்மன் குழுவின் பெரும்பான்மை காலனிக்குச் சாதகமாக நின்றதும், அந்தத் தீர்மானம் 127-க்கு 108 என்ற கணக்கில்தான் தோற்றதும் கசப்பான உண்மை. மேலே சொன்ன சாட்டையை மேசையில் போட்ட கட்சியின் ஆட்கள்தான் இவர்களும்.

“யூத வெறுப்பு என்பது முட்டாள்களின் சோசலிசம்” - இது பெபல் சொன்னதுதானே?

அவர் பெயரில்தான் ஓடுகிறது. ஆனால் அந்த வாசகம் அவருக்கு முன்பே வியன்னாவில் புழங்கியது, ஆஸ்திரிய ஜனநாயகவாதி ஃபெர்டினாண்ட் குரோனாவெட்டரோடு சேர்த்துச் சொல்வார்கள். கருத்தில் பெபல் அதே பக்கம்தான். 1893 கொலோன் மாநாட்டில் யூத வெறுப்புக்கு எதிராக நீண்ட உரை நிகழ்த்தித் தீர்மானமும் கொண்டுவந்தார். கடனில் மூழ்கும் விவசாயியும் கைவினைஞரும் தன் கஷ்டத்துக்கு யூத வியாபாரியைக் காரணமாகப் பார்க்கிறார்கள், உண்மைக் காரணம் தெரிந்ததும் நம் பக்கம் வருவார்கள் என்பது அவர் கணிப்பு. பின்னால் நடந்ததை நினைத்தால் அந்தக் கணிப்பைப் படிக்கவே மனசு கனக்கிறது.

தன்பாலீர்ப்பு உள்ளவங்களுக்காகப் பேசினார்னு ஒருத்தர் சொன்னார், அந்தக் காலத்துலயா?

1898 ஜனவரி 13 அன்று. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 175-வது பிரிவை நீக்கக் கோரி மருத்துவர் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் திரட்டிய மனுவில் கையெழுத்துப் போட்டு, அதற்காக ரைக்ஸ்டாக்கிலும் பேசினார். இந்தச் சட்டத்தை ஒழுங்காக அமல்படுத்தினால் சமூகத்தின் எல்லாப் படியிலிருந்தும் ஆட்களைப் பிடிக்க வேண்டிவரும், சிறைச்சாலை போதாது என்பது அவர் வாதம். சட்டம் மாறவில்லை, சபையில் முதலில் எழுந்தவர் அவர்.

கடைசியில அவர் புரட்சிக்காரரா, தேர்தல்காரரா? ஒண்ணைச் சொல்லுங்க.

வாயில் புரட்சி, கையில் தேர்தல் என்று அவரைத் திட்டியவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். முதலாளித்துவம் தானாகவே சரியப் போகிறது என்று உள்ளபடியே நம்பினார். 1891 எர்ஃபுர்ட் மாநாட்டில், இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் அந்த நாளைப் பார்க்காமல் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள் என்றார். சரிவு வரவில்லை. வராது, சீர்திருத்தமே வழி என்று கட்சிக்காரரான பெர்ன்ஸ்டைன் எழுதியபோது 1899 ஹனோவர் மாநாட்டில் ஆறு மணி நேரம் எதிர்த்துப் பேசினார். 1903 டிரெஸ்டனில் அந்தப் போக்கைக் கண்டித்துத் தீர்மானம் போட வைத்தார், ஆனால் பெர்ன்ஸ்டைனைக் கட்சியை விட்டுத் துரத்தவில்லை. 1905-ல் யேனாவில் பொது வேலைநிறுத்தத்தை ஆயுதமாக ஏற்க வைத்தார், அடுத்த வருஷமே மான்ஹைமில் தொழிற்சங்கத் தலைவர்களோடு சமரசம் செய்து அதன் பல்லைப் பிடுங்கினார்.

என் எண்ணம்: கட்சி உடையக் கூடாது என்பதுதான் அவருக்கு எல்லாவற்றுக்கும் மேலே. 1875-ல் கோத்தாவில் லாசால் ஆட்களோடு இணைந்தபோது மார்க்ஸும் ஏங்கெல்ஸும் திட்டம் மோசம் என்று எழுதினார்கள். அந்தத் திட்டம் பெபலுக்கும் பிடிக்கவில்லை, இருந்தும் ஒன்றுபடுவதை விடவில்லை. அதற்கடுத்து வந்த தடைச் சட்ட காலத்தைப் பார்த்தால் அவர் செய்தது சரி. பிற்காலத்தில் அதே பழக்கம் எந்த முடிவையும் தள்ளிப்போடும் பழக்கமாக மாறியது, அது சரியில்லை.

சுவிட்சர்லாந்துல பங்களா வச்சிருந்தாராமே?

வைத்திருந்தார். சூரிச் ஏரிக்கரையில் குஸ்னாக்டில், ஜூலி பெயரில். தொழிலில் சேர்த்ததும், ஐம்பது பதிப்பு போன புத்தகத்தின் வருமானமும்தான் மூலம். மகள் சூரிச்சில் குடும்பத்தோடு இருந்தார், அதனால் அங்கே. எதிரிகள் அந்தக் காலத்திலேயே இதை வைத்துக் கார்ட்டூன் போட்டார்கள். வெண்ணெய் ரொட்டிக்கு ஏங்கிய பையன் வயசான காலத்தில் ஏரிக்கரையில் வீடு கட்டியதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

பிரிட்டனுக்கு ரகசியத் தகவல் கொடுத்தார்னு படிச்சேன். அது துரோகம் இல்லையா?

தகவல் கொடுத்தது உண்மை. 1910-லிருந்து சாகும்வரை, சூரிச்சில் இருந்த ஹைன்ரிஷ் ஆங்ஸ்ட் வழியாக பிரிட்டிஷ் அரசுக்குத் தன் கருத்துகளை ரகசியமாக அனுப்பினார். பிரிட்டிஷ் தூதரக வேலை பார்த்த சுவிஸ்காரர் அவர். விஷயம் வெளியே வந்தது அறுபது வருஷத்துக்குப் பிறகு. சொன்னதில் ராணுவ ரகசியம் கிடையாது. பிரஷ்ய ஆளும் கூட்டம் போரை நோக்கிப் போகிறது, உள்ளிருந்து அதைத் தடுக்க எங்கள் கட்சிக்குப் பலமில்லை, பிரிட்டன் கடற்படையில் பின்வாங்கக் கூடாது என்பதுதான் சாரம். மேடையில் ஆயுதச் செலவை எதிர்த்துக்கொண்டே மறைவில் இன்னொரு நாட்டை ஆயுதம் சேர்க்கச் சொன்னார் என்பது முரண்பாடுதான். நான் அதைத் துரோகமாகப் பார்க்கவில்லை, பயந்துபோன ஒரு முதியவரின் கடைசி முயற்சியாகப் பார்க்கிறேன். 42 லட்சம் ஓட்டு வாங்கிய கட்சியின் தலைவருக்கே வேறு வழி தெரியவில்லை என்றால் அந்த நாடாளுமன்றத்துக்கு எவ்வளவு அதிகாரம் இருந்திருக்கும் என்று பாருங்கள். அமைச்சரவையை நியமிப்பதும் நீக்குவதும் பேரரசர் கையில்தான்.

1914-ல உயிரோட இருந்திருந்தா போருக்கு ஓட்டுப் போட்டிருப்பாரா?

இதைக் கேட்காத ஆளே இல்லை. 1914 ஆகஸ்ட் 4 அன்று அவர் கட்சி போர்க் கடனுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது, பெபல் போய் ஒரு வருஷம்கூட முடியவில்லை. போட்டிருப்பார் என்பவர்கள், ரஷ்யாவோடு போர் வந்தால் இந்த வயசிலும் துப்பாக்கியைத் தோளில் போடுவேன் என்று அவர் பேசியதைக் காட்டுவார்கள். ஜார் ஆட்சி மீது அவருக்கு அவ்வளவு வெறுப்பு. போட்டிருக்க மாட்டார் என்பவர்களுக்கு 1870 இருக்கிறது, ஆறாவது பதிலைப் பாருங்கள்.

நான் 1911 நவம்பர் 9 அன்று மொராக்கோவுக்காக பிரான்ஸோடு மோதல் முற்றிய நெருக்கடியின்போது அவர் ரைக்ஸ்டாக்கில் பேசியதைத்தான் காட்டுவேன். இப்படியே எல்லாரும் ஆயுதம் சேர்த்துக்கொண்டு போனால் ஒரு நாள் ஐரோப்பா முழுக்க அணிவகுப்பு முரசு கேட்கும், பல நாடுகளின் இளம் பூக்களான 1.6 கோடி, 1.8 கோடி ஆண்கள் கொல்லும் கருவிகளோடு எதிரெதிரே நிற்பார்கள், பிறகு திவால், வறுமை, வேலையின்மை, பஞ்சம் என்றார். அவையில் சிரித்தார்கள். ஒவ்வொரு போருக்குப் பிறகும் நிலைமை நன்றாகத்தானே ஆகிறது என்று வலதுசாரி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது, அதுவும் அவைக் குறிப்பில் இருக்கிறது. முதல் தடவை அந்தப் பக்கத்தைப் படித்தபோது மேலே போக முடியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு தெளிவாகக் கண்டவர் ஆகஸ்ட் 4 அன்று சுலபமாகக் கை தூக்கியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம். கட்சி உடையும் என்ற பயம் வந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பதில்தான் எனக்குத் தடுமாற்றம்.

எங்க இறந்தார்? அவரைப் படிக்க எதுல ஆரம்பிக்கலாம்?

சுவிட்சர்லாந்தின் கிராபுண்டன் மலைப் பகுதியில் பாசுக் என்ற ஊரில், இதய நோய்க்கு ஓய்வெடுக்கப் போன இடத்தில். சூரிச்சின் சில்ஃபெல்ட் இடுகாட்டில் ஜூலி பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் ஃப்ரீட்ரிஷ் ஏபர்ட், பின்னாளில் ஜெர்மனியின் முதல் குடியரசுத் தலைவர்.

படிக்க, அவருடைய நினைவுக் குறிப்பின் முதல் பாகத்தில் தொடங்குங்கள். கோட்டை அறை, பட்டறை, ஊர் சுற்றல், லைப்சிக் சங்கம் எல்லாம் அதில்தான், பேச்சுவாக்கில் எழுதியிருப்பார். முதல் பாகம் 1910, இரண்டாவது 1911. மூன்றாவதை முடிக்காமலே போய்விட்டார், கட்சித் தோழர் கவுட்ஸ்கி 1914-ல் வெளியிட்டார். கதை 1880-களின் தொடக்கத்திலேயே நின்றுவிடும். சாட்டை, பீட்டர்ஸ், 175-வது பிரிவு, மொராக்கோ எல்லாம் வேண்டும் என்றால் ரைக்ஸ்டாக் அவைக் குறிப்புகளுக்குத்தான் போக வேண்டும். பவேரிய அரசு நூலகம் அவற்றை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. பழைய ஜெர்மன் எழுத்து கொஞ்ச நாள் கண்ணைப் படுத்தும், அப்புறம் பழகிவிடும்.